கோப்புகளை எங்கே வைப்பது? பரம்பல் தேக்கக மென்பொருளும் இயல்புநிலை அடைவு ஒழுங்கும்

அறிமுகம்

மாணவர்களே, கோப்பு முகாமைத்துவம் பணிசெயல் முறைமையின் பிரதான பணிகளுள் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். கோப்பு, அடைவு, பாதை ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்வதுடன் பலர் இந்தப் பாடத்தை நிறுத்திவிடுகின்றனர். அடைவுகளை எவ்வாறு ஒழுங்கு செய்கிறோம் என்பதில் என்ன பெரிய விடயம் இருக்கிறது என்ற கேள்வி இங்கு எழலாம். அதற்கு இந்தக் கட்டுரை விடை தருகிறது.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவிலும் அடுத்த நாளிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. பிரதி இல்லாதவை போனவை போனவையே. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் அறிவு எவ்வளவு ஆபத்தான நிலையில் உள்ளது என்பதை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்று நூல்களை மின்வருடி, ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் பிரதிகளாக வைக்கிறோம். ஆயினும் பிரதிகள் இருந்தால் மட்டும் போதாது. எஞ்சிய பிரதியைத் திறந்து பார்க்கும் ஒருவர், எந்தக் கோப்பு எந்த நூல் என்று அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதனைத் தீர்மானிப்பது அடைவு ஒழுங்காகும்.

1. அடிப்படைச் சொற்கள்

அடைவு: கோப்புகளையும் வேறு அடைவுகளையும் உள்ளடக்கக்கூடிய கொள்கலன். கோப்புறை என்பதும் இதுவே.

பாதை: ஒரு கோப்பை அடைவதற்குக் கடக்க வேண்டிய அடைவுகளின் வரிசை.

பரம்பல் தேக்ககம்: வலையமைப்பால் இணைக்கப்பட்ட பல கணினிகளின் வன்தட்டுகளைச் சேர்த்து ஒரே களஞ்சியம் போலப் பயன்படுத்தும் முறை. இதனை முகாமை செய்யும் மென்பொருள் பரம்பல் தேக்கக மென்பொருள் எனப்படும். ஹடூப், செஃப், குளஸ்டர் என்பன இதற்கு உதாரணங்களாகும்.

இயல்புநிலை: பயனர் எதையும் தெரிவு செய்யாதபோது மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பு. பெரும்பாலானோர் இதனை மாற்றுவதில்லை. ஆகவே மென்பொருளை உருவாக்குபவர் தெரிவு செய்யும் இயல்புநிலையே நடைமுறையில் எல்லோருடைய தெரிவாகவும் ஆகிவிடுகிறது.

2. நமக்கு அருகிலுள்ள உதாரணம்: நூலகம் எண்ணிம நூலகம்

இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் போன்றவற்றை மின்வருடி இணையத்தில் இலவசமாக வழங்கும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பழைய பாடநூல் அல்லது கடந்தகால வினாத்தாள் தேடியபோது நீங்களும் அதனைப் பயன்படுத்தியிருக்கலாம்.

அங்குள்ள ஒரு கோப்பின் முகவரியைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் உண்டு. 7141 என்னும் எண்ணுடைய ஆவணத்தின் பாதை பின்வருமாறு அமையும்:

72 / 7141 / 7141.பிடிஎஃப்

அதாவது, 72 என்னும் அடைவினுள் 7141 என்னும் அடைவு. அதனுள் 7141 என்னும் கோப்பு. இங்கு 72 எவ்வாறு வந்தது?

7141 ÷ 100 = 71.41
அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தினால் = 72

இவ்வாறே 1 முதல் 100 வரையான ஆவணங்கள் 01 என்னும் அடைவிலும், 101 முதல் 200 வரையானவை 02 என்னும் அடைவிலும் அமையும். 14850 என்னும் ஆவணம் 149 இல் இருக்கும். ஆவணத்தின் எண் தெரிந்தால் போதும். கடதாசியில் கணக்கிட்டே அதன் இடத்தைச் சொல்லிவிடலாம். தரவுத்தளமோ தேடுபொறியோ தேவையில்லை. எண்ணிலிருந்து பாதையும் பாதையிலிருந்து எண்ணும் பெறப்படுவதே இந்த ஒழுங்கின் சிறப்பாகும்.

3. ஏன் பாடப்பெயரில் அடைவு அமைக்கவில்லை?

‘வரலாறு’, ‘இலக்கியம்’, ‘சமயம்’ என்று அடைவுகள் அமைத்தால் எளிதாக இருக்கும் என நீங்கள் நினைக்கலாம். உங்கள் பாடசாலை நூலகத்தை நினைத்துப் பாருங்கள். புதிய நூல் வந்ததும் முதலில் சேர்வுப் பதிவேட்டில் பதியப்படும். அதற்கு ஒரு சேர்வு எண் கிடைக்கும். பின்னர் தூயி தசமப் பகுப்பின்படி பாட வகுப்பெண் இடப்படும். வகுப்பெண் பின்னொரு நாளில் மாறலாம். சேர்வு எண் ஒருபோதும் மாறாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வரலாற்றைக் கூறும் நூல் ஒன்று சமயத்துக்கு உரியதா, வரலாற்றுக்கு உரியதா? இருவர் இரு விடை கூறுவர். இன்று ‘சமயம்’ அடைவில் வைத்து நாளை ‘வரலாறு’ அடைவுக்கு மாற்றினால் அதன் பாதை மாறும். பழைய பாதையைக் குறித்து வைத்த எல்லோருக்கும் கோப்பு காணாமற் போய்விடும். பரம்பல் தேக்ககத்தில் இது மேலும் சிக்கலாகும். ஒரு கணினியில் இடம் மாற்றப்பட்டு, இன்னொரு கணினி அப்போது நிறுத்தப்பட்டிருந்தால், ஒரே நூல் இரண்டு கணினிகளில் இரண்டு பாதைகளில் இருக்கும்.

எனவே மாறக்கூடிய விபரங்களை (தலைப்பு, ஆசிரியர், பாடம்) பட்டியலில் எழுத வேண்டும். மாறாத எண்ணை மட்டும் பாதையில் இட வேண்டும். நூலகம் தளத்திலும் ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் போன்றவை பட்டியற் பக்கத்தில் உள்ளன. கோப்பின் பாதையில் இல்லை.

4. தமிழ்ப் பெயர்களில் கவனிக்க வேண்டியவை

கோப்புக்குத் தமிழில் பெயரிடுவதில் தவறில்லை. ஆனால் நெடுங்காலம் காக்க வேண்டிய களஞ்சியத்தில் பின்வரும் மூன்று சிக்கல்கள் எழும்.

(அ) யுனிகோட் பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்டவை அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். கோப்பின் பெயர்களும் அவ்வாறே.

(ஆ) யுனிகோடிலும் ஓர் எழுத்தை இரு வகையில் குறியிட இடமுண்டு. ‘கொடிகாமம்’ என்பதிலுள்ள ‘கொ’ என்னும் எழுத்தை ‘க’ உடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கும் ஏற்பாடு இல்லாத முறைமைக்கு அவை இரு வேறு பெயர்கள். ஒரு கணினியில் இருக்கும் கோப்பை மற்றக் கணினி ‘இல்லை’ என்று கூறும்.

(இ) யுடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் ஆறு எழுத்துகள் உள்ளன. ஆனால் துணைக்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் 11 குறிகள். ஆகவே 11 × 3 = 33 பைட். லினக்ஸின் வழமையான கோப்பு முறைமைகளில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படக்கூடாது. 255 ÷ 3 = 85. அதாவது 85 குறிகளுக்கு மேல் தமிழில் பெயரிட முடியாது. மாநாட்டு மலர் ஒன்றின் முழுத் தலைப்பு இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.

எண்ணைப் பெயராக இடும்போது இம்மூன்று சிக்கல்களும் எழுவதில்லை.

5. ஏன் நூறு நூறாகப் பிரிக்க வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே அடைவில் இட்டால் என்ன? கோப்பு முறைமைகளுக்கு எல்லைகள் உண்டு. ஃபாட்32 முறைமையில் ஓர் அடைவில் ஏறத்தாழ 65,000 பதிவுகளே அடங்கும். நீண்ட பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளை எடுக்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி3 முறைமையில் ஓர் அடைவினுள் ஏறத்தாழ 32,000 துணை அடைவுகளே அமைக்கலாம். எல்லையை எட்டுவதற்கு முன்னரே, வலையமைப்பினூடாக அந்த அடைவின் பட்டியலைப் பெறுவது மிகவும் மெதுவாகிவிடும்.

இதற்கு இரு தீர்வுகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, எண் வரிசைப்படி பிரித்தல். மேலே கண்ட நூறு நூறான பிரிப்பு இதுவே. 25,000 ஆவணங்களுக்கு 250 வெளி அடைவுகள் போதும்.

இரண்டாவது, பதினறும எண் கொண்டு பிரித்தல். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு நீண்ட பதினறும எண் கணிக்கப்படும். அதன் முதல் இரு இலக்கங்கள் அடைவின் பெயராகும். 2005 இல் உருவான கிட் என்னும் மென்பொருள் இம்முறையைப் பயன்படுத்துகிறது. ஓர் இலக்கத்துக்கு 16 வாய்ப்புகள்; எனவே 16 × 16 = 256 அடைவுகள். கோப்புகள் அவற்றுள் ஏறத்தாழச் சமமாகப் பரம்பும். ஆனால் மனிதர் கடதாசியில் கணக்கிட்டு இடத்தைக் கண்டறிய முடியாது.

குறிப்பு: எண்களை அடைவுப் பெயராக இடும்போது இலக்கங்களின் எண்ணிக்கையை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கணினி பெயர்களை எழுத்து வரிசைப்படி அடுக்கினால் 1, 10, 100, 11, 2 என்றே வரும். 0001, 0002, 0010 என முன்னே பூச்சியங்கள் சேர்த்தால் வரிசை சரியாக அமையும். இரண்டு இலக்கம் போதும் என்று தொடங்கினால் நூறாவது அடைவு வரும்போது வரிசை குழம்பும்.

6. தவறான இயல்புநிலை எல்லாப் பிரதிகளையும் பாதிக்கும்

இப்பொழுது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம், பருத்தித்துறை, சாவகச்சேரி ஆகிய இடங்களில் உள்ள மூன்று கணினிகளில் ஒரே களஞ்சியம் அமைக்கப்படுகிறது எனக் கொள்க. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகள். ஒரு கணினி பழுதடைந்தாலும் இரண்டு எஞ்சும். இது பாதுகாப்பானதுதானா?

2006 இல் தனித் திட்டமாக உருவான ஹடூப் மென்பொருளின் கோப்பு முறைமை, இயல்புநிலையில் ஒவ்வொரு தரவுத் துண்டத்துக்கும் மூன்று பிரதிகளை வைக்கிறது. இது நல்ல இயல்புநிலை. ஆனால் அதே மென்பொருள், பயனர் வேறிடம் குறிப்பிடாவிட்டால், அந்தத் தரவைக் கணினியின் தற்காலிக அடைவினுள் எழுதுகிறது. புதிதாகக் கற்பவர் எந்த அனுமதியும் கேட்காமல் உடனே இயக்கிப் பார்க்கலாம் என்பதே இதிலுள்ள வசதி. பல லினக்ஸ் கணினிகளிலோ தற்காலிக அடைவு மீள இயக்கும்போது வெறுமையாக்கப்படும்.

2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் நீண்ட நேர மின்வெட்டுகள் இருந்ததை உங்கள் வீட்டார் நினைவில் வைத்திருப்பர். அப்படியான மின்வெட்டொன்றில் மூன்று கணினிகளும் நின்றுவிட்டன எனக் கொள்க. மின்சாரம் திரும்பியதும் மூன்றும் இயங்கத் தொடங்கும். மூன்றிலும் தற்காலிக அடைவு வெறுமையாகும். மூன்று பிரதிகளும் ஒரே வேளையில் அழிந்துவிடும். பிரதிகள் மூன்றாக இருந்தும், அவற்றை வைத்த இடம் பற்றிய தெரிவு ஒன்றாகவே இருந்தது. அந்த ஒரு தெரிவில் இருந்த குறை மூன்று இடத்திலும் இருந்தது.

பரம்பல் தேக்ககத்தில் இயல்புநிலைத் தெரிவு அதிக கவனத்துக்குரியதாவது இதனாலேயே. ஆகவே இத்தகைய மென்பொருளை நிறுவியதும் முதலில் செய்ய வேண்டியது, தரவு எந்த அடைவில் எழுதப்படுகிறது என்று பார்த்து, நிலையான இடத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுவதாகும்.

7. எதை எங்கே வைப்பது?

லினக்ஸ் கணினிகளில் அடைவுகளின் பயன்பாட்டை வரையறுக்கும் நியமம் ஒன்று உண்டு. அதன் முதல் வடிவம் 1994 இலும், 3.0 வடிவம் 2015 இலும் வெளியாகின. அதன்படி:

அமைப்புக் கோப்புகள் – ‘எட்சி’ அடைவு
நிலையான தரவு – ‘வார்’ அடைவினுள் ‘லிப்’
நிகழ்வுப் பதிவுகள் – ‘வார்’ அடைவினுள் ‘லாக்’
தற்காலிகக் கோப்புகள் – ‘டெம்ப்’ அடைவு

செஃப் என்னும் பரம்பல் தேக்கக மென்பொருள் இந்த நியமத்தைப் பின்பற்றி, இவற்றுள் முதல் மூன்று வகைக் கோப்புகளுக்கும் ‘செஃப்’ என்னும் பெயருடைய தனித்தனி அடைவுகளைப் பயன்படுத்துகிறது. ஒரு கணினியில் பல வன்தட்டுகள் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு வன்தட்டின் தரவு அடைவுப் பெயரிலும் கொத்தணியின் பெயரும் அந்தத் தட்டுக்குரிய எண்ணும் சேர்க்கப்படுகின்றன. ஒன்றின் தரவு மற்றதன்மேல் எழுதப்படுவது இதனால் தவிர்க்கப்படுகிறது.

இவற்றைப் பிரித்து வைப்பதன் பயன் என்ன? தரவும் நிகழ்வுப் பதிவுகளும் ஒரே வட்டுப் பகுதியில் இருந்தால், பதிவுகள் பெருகி இடம் நிரம்பும்போது புதிய தரவை எழுத முடியாது போகும். தனித்தனியே இருந்தால் தரவை மட்டும் பிரதி எடுக்கலாம். பதிவுகளைத் தயக்கமின்றி நீக்கலாம்.

இன்னொரு நுட்பத்தையும் அறிந்துகொள்க. லினக்ஸில் புதிய வன்தட்டை ஒரு வெற்று அடைவில் ‘ஏற்றுதல்’ வேண்டும். ஏதோ காரணத்தால் அந்தத் தட்டு ஏற்றப்படாவிட்டாலும் வெற்று அடைவு அங்கேயே இருக்கும். மென்பொருள் அதனுள் எழுதத் தொடங்கினால், தரவு முழுவதும் கணினியின் பிரதான தட்டில் நிரம்பும். எவரும் உடனே அறியமாட்டார்கள். இதனைத் தவிர்க்கவே குளஸ்டர் மென்பொருளில், ஏற்றும் அடைவில் நேரடியாக எழுதாமல் அதனுள் ஒரு துணை அடைவை அமைத்து, அதனையே பயன்படுத்துமாறு கூறப்படுகிறது. தட்டு ஏற்றப்படாவிட்டால் அந்தத் துணை அடைவு இருக்காது; மென்பொருள் எழுதாமல் வழுச்செய்தி தரும். தவறான இடத்தில் அமைதியாக எழுதுவதைவிட வழுச்செய்தி தந்து நிற்பது மேலானது.

8. மென்பொருள் இல்லாமலும் வாசிக்கக்கூடிய ஒழுங்கு

மென்பொருள்கள் நூல்களைவிட விரைவில் முதுமையடைகின்றன. இருபது ஆண்டுகளின் பின்னர் இன்றைய மென்பொருள் இயங்காமற் போகலாம். அப்பொழுது எஞ்சுவது அடைவுகளும் கோப்புகளும் மட்டுமே. இதனைக் கருத்திற்கொண்டு 2020 ஆம் ஆண்டில் ‘ஒக்ஸ்போட் பொதுக் கோப்பு ஒழுங்கு’ என்னும் நியமத்தின் முதல் வடிவம் வெளியிடப்பட்டது. அதன்படி ஒவ்வோர் ஆவணத்தின் அடைவிலும் கோப்புகளோடு ஒரு விபரப்பட்டியலும் இருக்கும். எந்தக் கோப்பு எந்தப் பதிப்புக்குரியது, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண் எது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். தரவுத்தளம் அழிந்தாலும், கோப்புகளை மட்டும் கொண்டு களஞ்சியத்தை மீளக் கட்டியெழுப்பலாம்.

பட்டியல் ஓரிடத்திலும் நூல்கள் வேறோரிடத்திலும் இருந்து, பட்டியல் மட்டும் எரிந்துபோனால் என்ன நேரும் என்று சிந்தியுங்கள். நூல்களுக்காவது அட்டையில் தலைப்பு உண்டு. 7141 என்னும் கோப்புக்கு அட்டை இல்லை. ஆகவே எண்ணை மட்டும் பெயராக இடும் ஒழுங்கில், தலைப்பும் ஆசிரியரும் எழுதிய சிறு விபரக் கோப்பு ஒன்றையும் அதே அடைவினுள் வைப்பது சிறந்தது.

9. சுருக்கம்

• பாதையில் மாறாத எண்ணை இடுக. மாறக்கூடியவற்றைப் பட்டியலில் இடுக.
• ஓர் அடைவில் அளவுக்கு மீறிக் கோப்புகளைச் சேர்க்காது, விதிப்படி பிரிக்க.
• இலக்கங்களின் எண்ணிக்கையை முதலிலேயே தீர்மானிக்க.
• தரவைத் தற்காலிக அடைவில் ஒருபோதும் வைக்கலாகாது.
• அமைப்பு, தரவு, நிகழ்வுப் பதிவு ஆகியவற்றைப் பிரித்து வைக்க.
• தட்டு இல்லாவிட்டால் எழுதாது நிற்கும் ஒழுங்கைத் தெரிக.
• ஆவணத்தின் விபரம் ஆவணத்துடனேயே இருக்கட்டும்.

10. பயிற்சி வினாக்கள்

1. ஆவணங்கள் நூறு நூறாகப் பிரிக்கப்படும் களஞ்சியத்தில் 20350 என்னும் ஆவணம் எந்த அடைவில் இருக்கும்?
(1) 203 (2) 204 (3) 2035 (4) 20

2. ‘கொடிகாமம்’ என்னும் பெயர் யுடிஎஃப்-8 இல் எத்தனை பைட் எடுக்கும்? (‘கொ’ இரு குறிகளாக எழுதப்பட்டது எனக் கொள்க.)
(1) 5 (2) 15 (3) 27 (4) 30

3. பாடசாலை ஒன்று தனது பழைய ஆண்டு மலர்களையும் மாணவர் சஞ்சிகைகளையும் மின்வருடி மூன்று கணினிகளில் வைக்க விரும்புகிறது.
(அ) ‘மலர்கள்’, ‘சஞ்சிகைகள்’ எனப் பாதையை அமைப்பதிலுள்ள ஒரு குறைபாட்டைக் கூறுக.
(ஆ) மூன்று பிரதிகள் இருந்தும் தரவு முழுவதும் இழக்கப்படக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தை விளக்குக.
(இ) மூன்று கணினிகளும் ஒரே அறையில் இருப்பது பொருத்தமானதா? காரணம் தருக.

விடைக் குறிப்புகள்

1. விடை (2). 20350 ÷ 100 = 203.5; உயர்த்தினால் 204. தசமப் பகுதியை நீக்கிவிட்டு 203 என எழுதுவது மாணவர் அதிகம் விடும் பிழையாகும்.

2. விடை (3). க, ஒகரக் குறி, ட, இகரக் குறி, க, கால், ம, ம, புள்ளி என 9 குறிகள்; 9 × 3 = 27. ‘கொ’ மூன்று குறிகளாக எழுதப்பட்டால் 30 பைட் ஆகும். பார்வைக்கு ஒன்றான பெயர் கணினிக்கு ஒன்றல்ல என்பதை இதிலிருந்து உணர்க.

3. (அ) வகைப்படுத்தல் பின்னர் மாறினால் பாதையும் மாறும். பழைய பாதையால் கோப்பை அடைய முடியாது. (ஆ) இயல்புநிலைப்படி மூன்றிலும் தரவு தற்காலிக அடைவில் எழுதப்பட்டிருந்து, மின்தடையின் பின் மூன்றும் மீள இயங்கும் சந்தர்ப்பம். (இ) பொருத்தமற்றது. தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றால் மூன்றும் ஒன்றாக அழியலாம். ஒரு பிரதியாவது வேறிடத்தில், முடிந்தால் குடாநாட்டுக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு செய்முறை. பாடசாலைக் கணினியில் 001, 002 என இரு அடைவுகள் அமைத்து, 95 முதல் 105 வரையான எண்களுடைய பதினொரு கோப்புகளை உருவாக்கி, விதிப்படி அவற்றுள் இடுக. பின்னர் உங்கள் நண்பரிடம் விதியை மட்டும் கூறி, 101 ஆம் கோப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் இல்லாமலே அவர் கண்டெடுத்தால் உங்கள் ஒழுங்கு சரியானது.